மறிப்பவர்களை மறித்தவர்

எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் ஒரு செக்யூரிட்டி சூப்பர்வைசர் இருந்தார். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. காவலாளிகள் குடியிருப்பவர் யாரையாவது மறித்தால், நாற்காலியில் இருந்தபடியே உள்ளங்கையைத் தூக்குவார். “விடு குரு, நம்ம ஆளுதான்.” அவர்களும் விட்டுவிடுவார்கள்.

“நீங்க என்னதான் வேலை பாக்கறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“திருடன் வந்தா புடிக்க இவங்க இருக்காங்க சார். இவங்க உங்களப் புடிச்சிடாம பாத்துக்க நான் இருக்கேன்.”

சிரித்துவிட்டுப் போனேன். அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், சும்மா உட்கார்ந்திருப்பவர் எதற்கு என்று அவரை நீக்கினோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

இப்போது அந்தக் கையின் விரல்கள் வீங்கியிருக்கின்றன. முடக்குவாதம். கிருமிகளை எதிர்க்க வேண்டிய செல்களே என் மூட்டுகளைத் தாக்குகின்றனவாம். அவற்றை அடக்கிவைக்க ‘ஒழுங்குபடுத்தும் டி செல்கள்’ என்று ஒரு வகை உண்டு, எனக்கு அவை சரியாக வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்றார் டாக்டர்.

“ஏன் டாக்டர்?”

“அது இன்னும் முழுசா தெரியல.”

திரும்பி வந்தபோது புதுக் காவலாளி என்னை மறித்து, எந்த வீடு என்று கேட்டார். நான் காலி நாற்காலியைப் பார்த்தேன். அதில் இருந்தவரை வேலையை விட்டு அனுப்பியது யாரென்று எனக்குத் தெரியும். என் உடம்புக்குள் கை தூக்கியது யார்?