நாற்பத்தேழாம் புள்ளி

எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பை இருபத்தாறு வயதில் மறுபடி கையில் எடுத்து, இரண்டு முறை கோட்டை விட்டு, மூன்றாம் முறை பத்தாம் வகுப்பு தேறினாள். இடது காது கேட்காது என்று நான்கு இடங்களில் தட்டிக்கழித்தபின், ஐந்தாம் இடமான ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை வாங்கினாள். கண்ணாடிப் பாத்திரம் கழுவ மட்டும் எடுத்தவர்களிடமே, ஏழாம் ஆண்டில் வெல்வெட் அச்சு வேலையையும் பெற்றாள். எல்லாவற்றுக்கும் மேலாக, எட்டு மாதமாக அந்த ஆய்வுக்கூடமே வலைவீசித் தேடிய ஈஸ்ட்டை, அது குப்பைக்கூடைக்குப் போகும் வழியில் மடக்கிப் பிடித்தாள். உயரம் நாலடி பத்து அங்குலம். அதனால் வீட்டிலும் வேலையிடத்திலும் அவள் பெயர் சுண்டு.

அச்சு வேலை கேட்பதற்கு எளிது. ஒரு தட்டில் ஐம்பது ஈஸ்ட் புள்ளிகள் வளர்ந்திருக்கும். வட்டக் கட்டையில் வெல்வெட் துணியை மாட்டி, தட்டைக் கவிழ்த்து மெல்ல அழுத்தினால் ஐம்பதும் துணியில் ஒட்டும். அந்தத் துணியில் வேறொரு தட்டைக் கவிழ்த்தால் அதே ஐம்பது அதே வரிசையில் பதியும். கை நடுங்கினால் போச்சு. தட்டு அரை விரல் திரும்பினாலும் எந்தப் புள்ளி எது என்று கடவுளுக்கே தெரியாது. அதற்காகத்தான் ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் ஒரு கோடு போடுவார்கள். சுண்டு இரண்டு போடுவாள். துணி வெட்டிக் கொடுப்பவர் அவளுடைய தையற்கார அண்ணன். பதினைந்து சென்டிமீட்டர் சதுரம், ஒரு நூல் கூடாது, குறையாது.

அந்தத் திங்கட்கிழமை, ஈஸ்ட் வளர வைக்கும் முப்பது டிகிரிப் பெட்டியில் யாரோ குடுவைகளை அடைத்து வைத்திருந்தார்கள். சுண்டு அன்றைய தட்டுகளில் ஓர் அடுக்கை மட்டும் பக்கத்திலிருந்த முப்பத்தேழு டிகிரிப் பெட்டியில் வைத்தாள். வைத்ததை ஒட்டுச்சீட்டிலும் எழுதினாள். ஆனால் ஆய்வு மாணவரிடம் வாயால் சொல்ல மறந்துவிட்டாள். புதன்கிழமை எடுத்துப் பார்த்தால், ஒரு தட்டில் நாற்பத்தொன்பது புள்ளிகள் கொழுகொழுவென்று இருந்தன. நாற்பத்தேழாம் இடம் மட்டும் மொட்டை.

"அக்கா, சூட்டுல எதுக்கு வெச்சீங்க? யார கேட்டு வெச்சீங்க?" மாணவர் முகம் சுண்டிப்போயிற்று. "இது துணியில வழுக்க. இல்லன்னா வேற எங்கயோ ஏற்கெனவே ஜோடி சேர்ந்து, இனிமே சேராத ஈஸ்ட் எதையோ கலந்துட்டீங்க. மொத்த அடுக்கும் வீண்!"

பேராசிரியரும் வந்து பார்த்தார். கோபக்காரர் அல்ல, ஆனால் கறாரானவர். "கலப்பு வந்திருந்தா ரொம்ப ஆபத்து சுண்டு. இனி நீ கழுவற வேலைய மட்டும் பாரும்மா. அச்சு வேற யாராவது பாக்கட்டும்."

சுண்டுவுக்கு அது ஏழு வருஷம் காத்திருந்து பெற்ற வேலை.

"மேடம், ஒரு வாரம் குடுங்க. தப்பு என்னுதுன்னா நானே தொட்டிப் பக்கம் போயிடறேன்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த செவ்வாய் வரைக்கும்."

மாலையில் அண்ணனின் வெட்டு மேசை முன்னால் போய் நின்றாள். துணியில் வழுக்கை என்றதும் அண்ணனுக்குச் சுருக்கென்றது.

"என் துணியிலயா? எவன் சொன்னான்? வழுக்கைன்னா வழுக்கை இருக்கற எடத்துலதான் எப்பவும் மொட்டை விழும். தட்டைக் கால்வட்டம் திருப்பி வெச்சு அச்சடி. மொட்டை துணியோட நின்னா குத்தம் என்னுது. புள்ளியோட நகந்தா என் துணிகிட்ட வந்து மன்னிப்புக் கேக்கச் சொல்லு!"

"நீ கேட்டதும் அந்த ஆராய்ச்சித் தம்பி மன்னிப்புக் கேக்கப் போறாரு, போ."

"அது இருக்கட்டும். அந்தப் புள்ளி அப்படி என்னத்த பண்ணித் தொலைக்கணும்?"

சுண்டு உற்சாகமாகிவிட்டாள். ரொட்டிக்குப் போடும் அதே ஈஸ்ட்தான்; அதில் இரண்டு வகை, ஏ, ஆல்ஃபா. ஏ வகை ஆல்ஃபாவைத்தான் கட்டும். ஆல்ஃபா வகை ஏயைத்தான் கட்டும். அச்சில் ஒட்டி வருவது ஏ; அது பதியும் தட்டில் முன்கூட்டியே ஆல்ஃபாவைப் பூசி, அரைப்பட்டினி உணவு போட்டிருப்பார்கள். தனியாக இருந்தால் இரண்டும் வளராது; ஒன்றிடம் இல்லாத சத்து மற்றதிடம் இருப்பதால், ஜோடி சேர்ந்தால்தான் வளரும்.

"ஒவ்வொண்ணுக்குள்ளயும் மூணு பொட்டி இருக்குண்ணா. நடுப்பொட்டி தொறந்திருக்கும். அதுல 'ஏ'ன்னு எழுதியிருந்தா அது ஏ. ஓரத்துல இன்னும் ரெண்டு பொட்டி. ஒண்ணுல ஏ, ஒண்ணுல ஆல்ஃபா. ரெண்டையும் எப்பவும் பூட்டியே வெச்சிருக்கும்."

"பூட்டு ஒடஞ்சா?"

"ரெண்டையும் ஒண்ணா படிச்சிட்டு, நமக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சேன்னு நெனச்சுக்கும். வரன் எதுர்ல வந்து நின்னாலும் திரும்பிப் பாக்காது."

"தாலி கட்டாமலே சம்சாரி சலிப்பா! கொடுமைடீ."

"அந்தப் பூட்டு ஒடஞ்சதத்தான் தம்பி எட்டு மாசமா தேடறாரு." சொல்லி முடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தான் சொன்னது தன் காதிலேயே அப்போதுதான் விழுந்தது.

வியாழக்கிழமை புதுத் துணியும் பழைய துணியும் வைத்து, தட்டைத் திருப்பியும் திருப்பாமலும் அச்சடித்தாள். ஒவ்வொன்றிலும் இரண்டு படி: ஒன்று குளிராக இருபத்துமூன்று டிகிரியில், ஒன்று சூடாக முப்பத்தேழில். கூடவே வயிறு நிறையும் உணவுள்ள தட்டு ஒன்றையும் சூட்டில் வைத்தாள். சூட்டில் செத்திருக்கும் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. இந்த முறை ஒட்டுச்சீட்டிலும் எழுதினாள், மாணவரிடமும் போய்ச் சொன்னாள். அவர் "ம்" என்றார்.

திங்கள் காலை எட்டு மணிக்குப் பெட்டியைத் திறந்தாள். சூட்டுத் தட்டுகளில் மொட்டை புள்ளியோடேயே நகர்ந்திருந்தது, துணி பிழைத்தது. வயிறு நிறைந்த தட்டில் நாற்பத்தேழு நன்றாகவே வளர்ந்திருந்தது, சாகவில்லை. கடைசியாக இருபத்துமூன்று டிகிரித் தட்டை எடுத்தாள். அதில் நாற்பத்தேழாம் இடத்தில் பொத்தான் அளவு வெள்ளைப் புள்ளி! குளிரில் ஜோடி சேர்ந்திருக்கிறது.

"தம்பி! ஓடி வாங்க!"

மாணவர் இரண்டு தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். வாய் திறந்தபடி இருந்தது.

"ஏற்கெனவே ஜோடி சேர்ந்ததா இருந்தா குளுர்லயும் சேராதுல்ல?" என்றாள் சுண்டு.

"சேராது."

"அப்ப கலப்பு இல்லல்ல?"

"இல்லக்கா... சூட்டுல மட்டும் பூட்டுக் கழண்டுக்குது."

மறுநாள் செவ்வாய். பேராசிரியர் கேட்டது ஒன்றே ஒன்று: "கண்ணால பாக்கணும்." ஆல்ஃபா ஈஸ்ட் விடும் தூதுச்சரக்கு ஒன்று உண்டு, அது பட்டால் ஏ வளர்வதை நிறுத்திவிட்டு, வரன் இருக்கும் திசையில் மூக்கு நீட்டும். சுண்டு அதைச் சோதனைக் குழாயில் நாற்பத்தேழோடு கலந்து சூட்டில் வைத்தாள். நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் உருண்டை உருண்டையாக மொட்டுவிட்டுப் பெருகிக்கொண்டிருந்தன. தூதை ஒன்றுகூடச் சட்டை செய்யவில்லை. பதினொன்றரை மணிக்குக் குழாயைக் குளிருக்கு மாற்றினாள். பன்னிரண்டரை, ஒன்றும் இல்லை. ஒன்றரை, ஒன்றும் இல்லை. மாணவர் நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டார். இரண்டரைக்கு ஒன்று லேசாகக் கூர்த்திருந்தது போல் இருந்தது. சுண்டு அடுத்த துளியை எடுத்து வைத்தாள். மூன்றரைக்குப் பேராசிரியர் குனிந்தார்.

"ஐயோ, மூக்கு! எல்லாம் மூக்கு நீட்டுதும்மா!"

மாணவர் துள்ளியதில் முக்காலி கவிழ்ந்தது. பூட்டு சூட்டில் திறக்கிறது, குளிரில் தானே மூடிக்கொள்கிறது. எட்டு மாதத்தில் இப்படி ஒன்று அகப்பட்டதே இல்லை.

"நாளைல இருந்து அச்சு யாரு பாக்கறது மேடம்?" என்றாள் சுண்டு. அவளுக்கு அதுதான் கவலை.

"வேற யாரு பாப்பாங்க? நீதான். தப்பா பேசிட்டேன், மன்னிச்சுக்க."

மாணவர் ஆய்வேட்டை விரித்து அன்றைய சோதனையை எழுதினார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், சோதனை செய்தவர் என்ற இடத்தில் கையெழுத்து வேண்டும். பழக்கதோஷத்தில் அவர் பேனா அங்கே போயிற்று.

"நில்லுப்பா," என்றார் பேராசிரியர். "நீயா செஞ்ச?"

மாணவர் சிரித்துக்கொண்டே பேனாவைத் திருப்பி நீட்டினார். "அக்கா, அழுத்திப் போடுங்க. அடுத்த பக்கத்துலயும் தெரியணும்."

சுண்டு கையை இரண்டு தடவை துடைத்துக்கொண்டு, பட்டப்பெயரை அல்ல, தன் முழுப்பெயரையும் ஓர் எழுத்து விடாமல் எழுதினாள். கீழே தேதி போட்டாள்: 2017 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை.