வெண்பொடி தூவிய இயந்திரம்

என் பழைய மகிழுந்துக்கு இரண்டே இருக்கைகள். அவற்றின் முதுகுக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையே, கை எளிதில் நுழையாத இடுக்கில் இயந்திரம் கிடக்கிறது. அதிலிருந்து எண்ணெய் கசியத் தொடங்கியது. பக்கத்து ஊரான ஜுருவிலுள்ள மெக்கானிக், இயந்திர மேல்மூடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை மாற்றினார், கசிந்தது. அடித்தொட்டியின் கேஸ்கெட்டையும் மாற்றினார், அப்போதும் கசிந்தது. ஓரிடத்தில் ஊறும் எண்ணெய் காற்றில் பரவி வேறோரிடத்தில் சொட்டுவதால், தரையில் விழும் துளியைக்கொண்டு ஊற்றை அறிய இயலவில்லை.

எங்கள் அடுக்ககத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் அவ்வெண்ணெயை மிதித்து அண்டை வீட்டுப் பெண்மணி வழுக்கி விழுந்தார். நிர்வாகக் குழுச் செயலாளர் மறுநாளே என்னைத் தேடி வந்தார்.

"அண்ணே, இன்னொரு சொட்டு பாத்தேன்னா காடிய வெளிய எடுத்துருங்க. எனக்கு வேற வழி இல்லலா."

வேறு நிறுத்துமிடம் எனக்கும் இல்லை. மகிழுந்தை வெளியே எடுப்பதென்றால் விற்பதுதான்.

மெக்கானிக் இயந்திரத்தை நன்கு துடைத்து, குழந்தைகளுக்குப் பூசும் பவுடரை அதன்மேல் தூவினார். "ஓட்டுங்கண்ணே. பொடி எங்க கறுக்குதோ அங்கதான் ஓட்டை. நான் பாக்கற வரைக்கும் கைய வெச்சிறாதீங்க."

ஓட்டினேன். நிறுத்தும்போதெல்லாம் சொட்டு தரையில் படாதபடி அடியில் ஓர் அட்டையை விரித்தேன். மூடியைத் திறந்து அவ்வெண்மையைப் பார்ப்பதும், மூச்சுக்காற்று படாமல் மூடுவதுமாக நாள்கள் கழிந்தன. என் கண்ணுக்கெட்டிய பக்கமெல்லாம் வெளுத்தே இருந்தது; அடிப்பக்கத்தை மெக்கானிக்தான் பார்க்க வேண்டும்.

அதற்குள் ஆயுத பூசை வந்தது. அன்று மோட்டார்சைக்கிளில் வேலைக்குப் போய்த் திரும்பினேன். மகிழுந்து மாலையும் சந்தனமுமாக நின்றது. திறந்திருந்த மூடிக்கடியில் இயந்திரம் ஈரத்தில் பளபளத்தது. பொடியின் காரணம் அறியாத என் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்னங்க, எஞ்சின் பூரா ஒரே வெள்ளத் தூசி! நல்லாத் தேச்சுக் கழுவிட்டேன். அடியில கெடந்த அழுக்கு அட்டையையும் தூக்கிப் போட்டுட்டேன். சாமி இனியாச்சும் கண்ணத் தொறக்கட்டும்."

அவள் முகம் மலர்ந்திருந்தது. ஒதுங்கி நின்று மெக்கானிக்கைக் கைப்பேசியில் அழைத்தேன். அவர் வெகுநேரம் சிரித்தார். "எங்க ஒழுகுதுன்னு இப்ப சாமிக்குத்தாண்ணே தெரியும். மறுபடி மொதல்லேர்ந்து பொடி போடணும்."

கற்பூரம் காட்டியாயிற்று. அண்டை வீட்டார் சுண்டலுக்குக் கூடினர். செயலாளரும் தம் கிண்ணத்தோடு நின்றார். சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழங்கள் காத்திருந்தன.

"ஏறி நசுக்குங்க, நல்ல நேரம் போகுது!" என்றாள் மனைவி.

இத்தனை பேர் பார்க்க எப்படி மறுப்பது? ஏறி அமர்ந்து வண்டியை முன்னே நகர்த்தினேன். பழங்கள் வெடித்தன. எல்லோரும் கைதட்டினர். கண்ணாடியில், வண்டி நின்றிருந்த வெற்றிடத்தைச் செயலாளர் குனிந்து பார்ப்பது தெரிந்தது. மென்றுகொண்டிருந்த அவர் வாய் நின்றது. பின் மெல்ல நடந்து என் சன்னலருகே வந்தார்.

"அண்ணே, நல்ல நாளு. இன்னிக்கி ஒண்ணும் பேசல. நாளைக்கி வரேன்."

தலையசைத்தேன். இறங்கத் தோன்றவில்லை. முதுகுக்குப் பின்னால் இயந்திரம் ஒரு குறையுமின்றிச் சீராக ஓடிக்கொண்டிருந்தது.