பச்சை வயிறு, சிவப்பு இடுப்பு

கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, பீரோ கண்ணாடி முன்னால் நின்று என்னையே நான் வரைந்தேன். உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல்தான். எழுபதுகளின் கடைசியில் ரெட்டியார்பாளையத்தில் இதைவிடப் பெரிய திருட்டுத்தனத்தை எந்தக் கைப்பிள்ளைக்காரியும் செய்திருக்க மாட்டாள்.

பிரெஞ்சு நூலகத்தில் ஜெர்மன் ஓவியர்களின் புத்தகங்களைப் புரட்டியதால் வந்த வினை. அந்த மகராசன்கள் அம்மண உடம்பை அழகாகக் காட்டவே இல்லை. எலும்பு துருத்தும், சதை பச்சையாகும், முகம் கோணும். கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டு உடம்பு படும் பாட்டை வரைந்திருந்தார்கள். அட, இது நமக்குத் தோதாயிருக்கிறதே என்று குதித்தேன். பிரசவத்திலிருந்து எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. வீட்டில் சொன்னால், “ஊர்ல யாரும் பெக்காத புள்ளையா?” என்பார்கள். வாயை மூடிக்கொண்டு வயிற்றைப் பச்சையிலும் இடுப்பை ரத்தச் சிவப்பிலும் அப்பினேன்.

முகத்தை மட்டும் அடையாளம் தெரியாமல் கோணலாக்கினேன். கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் நான் டிராயிங் டீச்சர். படத்தில் இருப்பது நான்தான் என்று தெரிந்தால் மறுநாளே வேலை போய்விடும். பிறகு அதை ஏன் ஊர் ஓவியக் கண்காட்சியில் வைத்தாய் என்று கேட்காதீர்கள். கொழுப்புதான்.

பள்ளித் தலைமையாசிரியையான மதர் கண்காட்சிக்கு வந்து, நேராக அந்தப் படத்தின் முன்னால் நின்றார். பால் கொடுக்க நேரமாகிவிட்டதென்று என் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாமியாரும் அப்போதுதானா வர வேண்டும்!

“யாரும்மா இது?” என்று மதர் என்னைக் கேட்டார். மாமியார் படத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நான் கை ஊன்றியிருந்த என் இடுப்பைப் பார்த்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

“யாரோ வெள்ளைக்காரிங்க மதர்,” என்றார் மாமியார்.

“வெள்ளைக்காரி பச்சையாவா இருப்பா?”

“கப்பல்ல வந்திருப்பா. வாந்தி எடுத்து எடுத்துப் பச்சையாயிட்டா, பாவம்.”

மதருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தபடியே அடுத்த படத்துக்கு நகர்ந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாமியார் என் காதருகே குனிந்தார்.

“இன்னாடி, இவ்ளோ வலியா? ஊருக்கே காட்டுன நீ, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அவர் தன் முந்தானையை எடுத்து என் கையில் திணித்தார்.

“மூஞ்சியத் தொடை மொதல்ல. நான் சொன்ன பொய்ய நீயே காட்டிக்குடுத்துடப் போற.”