அடைப்புக்குறிக்குள் இருந்த கரடி

பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அவள் வேலை. சனிக்கிழமைகளில் மட்டும், பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே அப்பா அம்மாவிடம் படிக்கும் பிள்ளைகளின் கதைகளைச் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்புவாள். காற்புள்ளி விஷயத்தில் விடாப்பிடிக்காரி. அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் கமா அக்கா.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. எழுதும்போது மனசில் என்ன ஓடியதோ, அதைப் பிள்ளைகள் கதைக்கு நடுவிலேயே அடைப்புக்குறிக்குள் போட்டுவிட வேண்டும். "அது எனக்கு மட்டும்தான். அச்சுக்கு முன்னாடி எடுத்துடுவேன்" என்று சத்தியம் செய்திருந்தாள். பிள்ளைகளும் நம்பிக் கொட்டித் தீர்த்தார்கள். வீட்டிலேயே படிக்கிற பிள்ளைக்கு வீட்டைப் பற்றிப் பேச வெளியே ஓர் ஆள் வேண்டாமா?

அந்தச் சனிக்கிழமை காலை கணினியைத் திறந்தவள், போன வாரம் அச்சகத்துக்கு அனுப்பியதை இன்னொரு முறை பார்த்தாள். அடைப்புக்குறிகளை நீக்கிய கோப்பு அவளிடமே பத்திரமாக இருந்தது. அச்சகத்துக்குப் போனது அடைப்புக்குறிகளோடு இருந்த மற்றது. இருபது வருஷ அனுபவமாம், மண்ணாங்கட்டி!

அச்சகக்காரரைக் கூப்பிட்டாள்.

"அடிச்சு முடிச்சாச்சும்மா. ஒதவிக்குன்னு ஒரு பொண்ணோட அம்மா வந்து தாள் மடிச்சிட்டு இருக்காங்க."

"எந்தப் பொண்ணோட அம்மா?"

"கரடிக் கதை எழுதுச்சே, அந்தப் பொண்ணு."

தாய்க் கரடி குட்டிக்கு மீன் பிடிக்கக் கற்றுத்தரும் கதை அது. எழுதியவளுக்குப் பதினோரு வயது. ‘குட்டிக் கரடி நடுங்கியது’ என்ற வரியை அடுத்து இருந்தது கமா அக்காவுக்கு மனப்பாடம்: [குளிரால் இல்லை. பாடம் தப்பானால் அம்மா டீச்சர் ஆகிவிடுவாள். அப்போது அம்மாவை எங்கே தேடுவது?]

பேருந்தில் இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. அந்த அம்மா கண்டிப்புக்குப் பேர்போனவள். தன்னைத் திட்டினால் வாங்கிக்கட்டிக்கொள்ளலாம். வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை என்ன கேட்பாளோ? அந்தக் குழந்தை இனிமேல் பேனாவைத் தொடுமா? பயத்தில், நிறுத்தம் வருமுன்னே படிக்கட்டுக்கு வந்துவிட்டாள்.

அச்சகத்தின் பின்னறையில், நீள மேஜைக்குப் பக்கத்தில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தாள். மடித்த தாள்கள் ஒரு பக்கம் அடுக்கியிருந்தன. ஒரே ஒரு தாள் மட்டும் மடிபடாமல் அவள் எதிரில் விரிந்து கிடந்தது.

"தப்பு என்னோடதுங்க. அவளை ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்றாள் கமா அக்கா.

அந்த அம்மா நிமிரவில்லை. "எல்லாத்தையும் மறுபடி அடிச்சிடலாம். நானே இருந்து மடிச்சுத் தரேன்."

"சரிங்க."

"ஒண்ணே ஒண்ணு." இப்போதுதான் நிமிர்ந்தாள். அந்தக் கண்ணில் கோபத்தைத் தேடிய கமா அக்கா, பேருந்தில் தான் பட்ட அதே பயத்தைத்தான் கண்டாள்.

"நான் படிச்சது அவளுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா உங்ககிட்டயும் எழுதறதை நிறுத்திடுவா. அப்புறம் அவ யார்கிட்டங்க போவா?"