வாயில் தறி போட்டவன்

என் தம்பி ஜோசுவா வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். தங்காது என்று காலனியே சொன்ன உடம்பை வென்றான். அப்பா இறந்த வருடம் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், இசைக் குறிப்பு ஒன்றும் படிக்கத் தெரியாமல், காதால் கேட்டே டிரம்பெட் பழகினான். மீசை முளைக்கும் முன்பே பெரிய காஞ்சிபுரத்துக் கல்யாண ஊர்வலங்களில் முதல் டிரம்பெட் வாசித்தான். இன்று வாலாஜாபாத்தில் வேறொரு பேண்டு செட்டில் அதே இடத்தில் நிற்கிறான். இவை எல்லாவற்றையும் விடப் பெரியது, தன் வாயை அவன் வென்றது. யாரை எதிர்த்து வென்றான் என்றால், எங்கள் பெரியப்பா பரசுராமனை எதிர்த்து. அவர் நன்றாகத்தான் இருக்கிறார். இதைப் படித்தால் படிக்கட்டும்.

ஓரிக்கையில் எங்கள் தெருவிலேயே பெரியப்பாவின் பேண்டு செட் இருக்கிறது. கல்யாணம், திருவிழா, மாதா கோயில் தேர், சாவு எதுவானாலும் போவார்கள். டிரம்பெட் அவருடையது, சிவப்புக் கோட்டு அவருடையது, ஊதுகிறவனின் மூச்சும் அவருடையது என்பது அவர் நினைப்பு.

தம்பிக்கு எத்துப்பல். மேல் முன்பற்கள் நான்கும் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே நிற்கும். இரண்டு உதடும் ஒன்றையொன்று தொட்டு நான் பார்த்ததில்லை. தூங்கும்போதும் வாய் திறந்தே இருக்கும். காலையில் நாக்கு காய்ந்துபோய் எழுந்திருப்பான். அவனைத் 'தேங்காத் துருவி' என்று ஊரே கூப்பிட்டது. அந்தப் பெயரை வைத்தவர் பெரியப்பாதான்.

2023 வைகாசியில் ஒரு மாப்பிள்ளை அழைப்பில், குடித்துவிட்டு ஆடிய ஒருவன் டிரம்பெட்டின் மேல் விழுந்தான். ஊதுகிற முனை பல்லில் இடித்து, முன்பல் ஒன்றின் மூலை உடைந்தது. பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப்போனேன். ஸ்ரீபெரும்புதூரில் நான் வேலை செய்யும் ஃபோன் கம்பெனியில் அதற்காக லீவு போட்டேன். அங்கே டாக்டர் ரேவதி உடைந்த மூலையை அன்றைக்கே ஒட்டிக் கொடுத்தார்.

"ஒடஞ்சத சரி பண்ணிட்டேன்மா. ஆனா பல்லு இப்படி முன்னாடி நிக்கிற வரைக்கும் அடுத்த அடியும் இதுமேலதான் விழும்," என்றார்.

எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். பல் எலும்பில் சிமெண்டு போட்டுப் பதித்ததில்லை. மெல்ல, விடாமல் தள்ளினால், அது போகிற பக்கத்து எலும்பு கரைந்து வழிவிடும். விட்டுவந்த பக்கத்தில் புது எலும்பு வளரும். அவசரப்பட்டால் வேர் கெட்டுவிடும். முன்பற்கள் உள்ளே போக இடம் வேண்டும், அதற்காக மேல்வரிசையில் இரு பக்கமும் ஒவ்வொரு சிறிய பல்லை எடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பல்லிலும் ஒரு சின்ன உலோகத் துண்டை ஒட்டி, எல்லாவற்றையும் ஒரே கம்பியில் கோப்பார்கள். மாதம் ஒருமுறை கம்பியை முடுக்குவார்கள். ஒன்றரை வருடமோ இரண்டு வருடமோ ஆகும்.

தம்பிக்கு அப்போது பதினெட்டு ஆகவில்லை. பெரியவர்கள் யாராவது சம்மதம் தர வேண்டும். அம்மா கங்கையம்மாள் கைநாட்டு வைக்கப் போனார். எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த பெரியப்பா தடுத்தார்.

"ஆம்பள நான் இருக்கறப்ப இன்னா கைநாட்டு? குடு இங்க." கையெழுத்துப் போட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். "ஆடில ஏது முகூர்த்தம்? ஆடில போட்டு ஆவணில கழட்டிடலாம்."

இரண்டு வருடம் என்று டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். பெரியப்பா கல்யாண வீட்டில் கூலி பேசுகிறவர். யார் எதைச் சொன்னாலும் பாதிக்குமேல் கூட்டித்தான் சொல்வார்கள் என்று நினைப்பவர்.

ஆடியில் கம்பி போட்டார்கள். முதல் வாரம் தம்பி கஞ்சியும் ரசம் சாதமும் தவிர எதையும் தொடவில்லை. உலோகம் உரசி உதட்டின் உள்பக்கம் புண்ணானது. டாக்டர் கொடுத்த மெழுகை மிளகளவு கிள்ளி உருட்டி, உரசுகிற துண்டின்மேல் அப்பினோம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தான். சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் பல் தேய்க்க வேண்டும். முதலில் கம்பிக்கு மேலே ஈறு ஓரம், பிறகு கம்பிக்குக் கீழே, பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் பாட்டில் கழுவுகிற பிரஷ் போல இருக்கும் ஒரு குட்டி பிரஷ். விட்டால் துண்டைச் சுற்றிச் சாப்பாடு தங்கி, கம்பியைக் கழற்றும்போது பல்லில் வெள்ளைத் திட்டு நிற்கும். அதை எடுக்க முடியாது. வேலை முடிந்து வந்ததும் அவன் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஒரு துணுக்குக் கீரை இருந்தாலும் திரும்பத் தேய்க்க அனுப்புவேன்.

"கம்பெனில ஃபோன் செக் பண்றதுபோல என்ன செக் பண்றக்கா நீ," என்பான்.

"ஃபோனாவது எதுத்துப் பேசாது. போய்த் தேய்டா."

ஆவணி வந்தது. கம்பி போகவில்லை. பெரியப்பா எங்கள் வாசலில் வந்து நின்று கத்தினார்.

"இன்னா கங்கை, உன் புள்ள வாய்ல தறி போட்டுக்கினு இருக்கான். பாவு எப்ப அறுப்பான்? பொடவ எப்ப எறங்கும்?"

நெய்து முடித்துப் பாவு நூலை அறுத்தால்தான் தறியிலிருந்து புடவை இறங்கும். அதற்குப் பிறகு செட்டில் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அவனைப் பார்த்தால் "பட்டா, ஜரிகையா?" என்பார்கள். பெரியப்பா முதல் டிரம்பெட்டை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டு, தம்பியிடம் கிலுகிலுப்பையைத் திணித்தார். கல்யாண ஊர்வலத்தில் சின்னப் பிள்ளைகள் ஆட்டுகிற சாமான். தம்பி அதையும் தாளம் தவறாமல் ஆட்டினான். பொங்கலுக்கு ஒரு கட்டுக் கரும்பை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். அந்த மனிதர் அதற்கு முன் எங்களுக்குக் கரும்பு அனுப்பியதே இல்லை. கடித்தால் பல்லில் ஒட்டிய துண்டுகள் பெயர்ந்து விழும் என்று தெரிந்தே அனுப்பினார். நான் அதை மாட்டுக்குப் போட்டேன்.

செட்டில் சும்மா கிடந்த ஒரு பழைய டிரம்பெட்டை எடுத்துவந்து தம்பி வீட்டில் விடாமல் பழகினான். கையால் டிரம்பெட்டை உதட்டில் அழுத்துவதைக் குறைத்து, அடிவயிற்று மூச்சைக் கூட்டினான். முதலில் கீழ்ச் சுரங்கள் மட்டும், அதுவும் கொஞ்ச நேரம். தை முடிவதற்குள் பழைய சத்தம் வந்துவிட்டது. அவன் இடத்தில் நின்றவனுக்கு மூச்சு பத்தாததால், பெரியப்பா வேறு வழியில்லாமல் டிரம்பெட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

கம்பி முடுக்கினால் இரண்டு மூன்று நாள் பல் வலிக்கும். அதனால் நான் தினசரிக் காலண்டரைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரிக்கு நாள் கேட்பேன். கரிநாள், அஷ்டமி, நவமி. அன்றைக்குக் கல்யாணம் இருக்காது.

"எல்லாரும் நல்ல நாள் கேப்பாங்க. நீங்க மட்டும் கெட்ட நாளாக் கேக்குறீங்களே," என்று டாக்டர் சிரித்தார்.

"நாங்க வேதக்காரங்க டாக்டர். எங்களுக்கு எல்லா நாளும் ஒண்ணுதான். கல்யாணம் பண்றவங்களுக்காகப் பாக்குறோம்."

2024 புரட்டாசி. கல்யாணம் குறைந்த மாதம் என்று நம்பி, வெள்ளிக்கிழமை முடுக்கினோம். புதுக் கம்பி, வழக்கத்தைவிடத் தடிமன். அந்த நாள் பெரியப்பாவுக்கு முன்பே தெரியும், நானே சொல்லியிருந்தேன். தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலையை ஒத்துக்கொண்டார். கட்சிக்காரர் ஆதிகேசவனின் பிறந்தநாள் ஊர்வலம். பிறந்தநாளுக்குக் கரிநாள் கிடையாது. காலண்டரில் அதை நான் எங்கே போய்ப் பார்ப்பேன்?

"வலிக்குது பெரிப்பா, இன்னொருத்தர வையுங்க," என்று தம்பி கெஞ்சினான்.

"டிரம்பெட்டு உன் வாய்க்காகக் காத்துக்கினு இருக்காது. வா."

பேருந்து நிலையத்துப் பக்கம் ஊர்வலம் திரும்பும்போது, அப்பியிருந்த மெழுகு வெயிலிலும் எச்சிலிலும் கழன்று போய்விட்டது. மூன்றாவது பாட்டில் தம்பியின் தாடையில் ரத்தம் வடிந்து கோட்டில் விழுந்தது. சிவப்புக் கோட்டு என்பதால் அங்கே தெரியவில்லை. ஆதிகேசவனின் வெள்ளை வேட்டியில் ஒரு சொட்டு தெறித்தபோதுதான் தெரிந்தது.

"இன்னாபா இது? பொறந்தநாளும் அதுவுமா ரத்தம் கக்குறான்? அனுப்புய்யா இவன!" என்று அவருடைய ஆட்கள் செட்டையே பாதியில் நிறுத்தினார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பெரியப்பா எங்கள் வீட்டுக்குள் வந்தார். கையில் கட்டிங் பிளேயர். டிரம் கம்பி நறுக்குகிறது.

"வாயத் தொறடா. டாக்டரு போட்டத நான் எடுக்குறேன்."

அம்மா குறுக்கே போனார். "மாமா, வேணாம் மாமா, புள்ள வாய் கிழிஞ்சிரும்."

"கிழியட்டும். ஊரு முன்னாடி என் மானம் கிழிஞ்சிதே, அத தைக்க எவனாவது வந்தானா?"

இடது கையால் தம்பியின் தாடையைப் பிடித்தார். நான் பிளேயரைப் பிடிக்கப் பாய்ந்தேன். அப்போதுதான் பார்த்தேன். தம்பி வாயை மூடியிருந்தான். உதடு இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் ரத்தக் கோடு மட்டும் தெரிந்தது. பிறந்ததிலிருந்து மூடாத வாய் அது. பெரியப்பா "தொற, தொற" என்று உலுக்கினார். பிளேயர் முனை நுழைய இடம் இல்லை. தம்பி அவர் கண்ணைப் பார்த்தபடி மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றான்.

கடைசியில் அவர்தான் கையை எடுத்தார். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரேன். கையெழுத்துப் போட்டவன் நான். நான் சொன்னா கழட்டித்தான் ஆவணும்."

சொன்னபடியே வந்தார். டாக்டர் ரேவதி முதலில் தம்பியின் புண்ணைத் துடைத்து மருந்து வைத்தார், குத்திக்கொண்டிருந்த கம்பி முனையை மடித்துவிட்டார். பெரியப்பா பொறுக்கவில்லை.

"நான்தாம்மா போடச் சொன்னேன். நானே சொல்றேன், கழட்டு."

டாக்டர் கண்ணாடியை வைத்துக் காட்டினார். பல் எடுத்த இடம் இரு பக்கமும் பாதிதான் மூடியிருந்தது. "இப்ப கழட்டினா இந்த ரெண்டு இடமும் ஓட்டையா நின்னுடும். முன்பல்லு திரும்ப வெளிய வரும். இவ்வளவு நாள் பட்ட வலி எல்லாம் வீண்."

"ஓட்டை இருந்தா ஓட்டையோட ஊதுவான்."

டாக்டர் தம்பியின் தாளைப் புரட்டிப் பிறந்த தேதியைப் பார்த்தார். "போன மாசமே இவருக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சு சார். இனிமே நீங்க சொல்றது செல்லாது. அவர்தான் சொல்லணும்."

"யாரு அவரு? இந்தத் துருவியா?" பெரியப்பா தம்பியின் பக்கம் திரும்பினார். "கேட்டுக்க. கம்பி இருந்தா செட்ல எடமில்ல. டிரம்பெட்ட வச்சிட்டுப் போயிடு."

"காலைலயே வச்சிட்டேன் பெரிப்பா," என்றான் தம்பி. உதடு வீங்கியிருந்ததால் மெதுவாகப் பேசினான். "உங்க வீட்டு வாசல்ல. தொடச்சித்தான் வச்சேன்."

எனக்கே அது தெரியாது. விடியும் முன்னே எழுந்து வெளியே போனான், பல் தேய்க்கப் போகிறான் என்று நினைத்தேன். பெரியப்பா நாற்காலியை உதைத்துவிட்டு வெளியே போனார்.

டாக்டர் தாளைத் தம்பியின் பக்கம் திருப்பினார். சிகிச்சையைத் தொடர எனக்குச் சம்மதம் என்று அச்சடித்த வரிக்குக் கீழே விரலை வைத்தார். தம்பி பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். எட்டாவதோடு நின்றவன், செட்டுக் கூலியைக் கையில் வாங்கியவன். அதுவரை அவன் கையெழுத்தை யாரும் கேட்டதில்லை.

"அக்கா, பேர எழுதினா போதுமா, சுழிக்கணுமா?"

"எழுதினாப் போதும்டா. அப்பா எழுத்த முன்னாடி போடு."

அப்பாவின் பெயர் அப்பாதுரை. தம்பி அவசரப்படாமல் எழுதினான்: அ. ஜோசுவா. கால், கொம்பு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். இருந்தது. அதன் கீழே டாக்டர் சொல்லச் சொல்லத் தேதியையும் அவனே போட்டான்: 23.9.2024, திங்கட்கிழமை.