ஈயம் வைக்காத மூக்கு

சனிக்கிழமை காலை, ஏழு மாத உழைப்பை அவள் மேசைமேல் இறக்கி வைத்தாள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமான சாம்பல் நிற மாதிரி ஜெட் விமானம். மூன்று சக்கரமும் பதவிசாக மேசையைத் தொட்டன. கையை எடுத்ததுதான் தாமதம், விமானம் மெல்ல மூக்கைத் தூக்கி, வாலை ஊன்றிச் சொகுசாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது.

"என்ன, சொல்லாம கொள்ளாம கிளம்பிடுச்சா?" என்றார் அவள் வீட்டுக்காரர். பஸ் ஓட்டுநர், அன்றைக்கு அவருக்கு ஓய்வு.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முன்சக்கரம் வைத்த மாதிரி விமானங்களில், உடலின் இரண்டு பாதியையும் ஒட்டுவதற்கு முன்பே மூக்குப் பக்கம் ஈயம் வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பின்பாரம் இழுத்துவிடும். செய்முறைத் தாளை எடுத்துப் பார்த்தாள். அந்த வரிக்கு எதிரே அவள் கையாலேயே போட்ட சிவப்பு டிக். அலமாரியிலோ, பல் செட் கிண்ணத்துக்குள் தூண்டில் ஈயக்குண்டுகள் பதினெட்டு கிராம், நிறுத்து வைத்தது வைத்தபடி. டிக் போட்ட கையோடு, வேலை பார்க்கும் பல் லேபிலிருந்து போன் வந்தது நினைவுக்கு வந்தது. யாருக்கோ முன்பல் இரண்டு அவசரமாம். ஓடினாள். திரும்பி வந்தவள் டிக்கை நம்பினாள்.

பத்தொன்பது வருடமாகப் பல் கட்டுவதுதான் அவள் தொழில். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், இவள் பல்லாக்கித் திருப்பி அனுப்புவாள். சிரிக்கும்போது எது சொந்தப் பல், எது இவள் செய்த பல் என்று தெரியக்கூடாது. வீட்டில் ஓய்ந்த நேரமெல்லாம் விமானம். அதிலும் பேர்போன போர்விமானங்களைத் திரும்பியும் பார்க்க மாட்டாள். இருபதோ முப்பதோ செய்துவிட்டு, ஒரு சண்டையைக்கூடப் பார்க்காமல் ஓரங்கட்டப்பட்ட ஜெட்டுகள்தான் வேண்டும். "விலைபோகாத மாப்பிள்ளைங்களாப் பார்த்துப் பொறுக்குறா" என்பார் வீட்டுக்காரர்.

மறுநாள் மாதிரி விமானக் கண்காட்சி. போன வருடமும் போனார்கள். நடுவர் நேராக வந்து வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நான் டப்பா தூக்கிட்டு வந்தவன் சார்" என்று இவர் சொன்னதை அடக்கம் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். கண்காட்சி நடத்தும் சங்கத்துப் பத்திரிகையில் இவர் படம் வந்தது. பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றவளுக்கு வாய் வரவில்லை. இந்த வருடம் தானே பேசிவிடுவது என்று ஏழு மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

"வாலுக்கு அடியில கண்ணாடிக் குச்சி ஒண்ணு முட்டுக் குடுத்துடு. யாரு குனிஞ்சு பார்க்கப் போறாங்க?"

"குனிஞ்சு பார்க்கத்தாங்க அவங்க வர்றதே."

"சரி, சக்கரத்தை அட்டையில ஒட்டிடு."

"ஏன் ஒட்டினீங்கன்னு கேட்டா?"

"கேட்டா நான் சொல்லிக்கிறேன் விடு."

அந்த ஒரு வார்த்தைதான் சுருக்கென்றது. எழுந்துபோய் ரம்பத்தை எடுத்துவந்தாள். அச்சில் ஒட்டிப் பிறந்த பற்களைப் பிரிக்கும், முடியளவு மெல்லிய ரம்பம். நிஜ விமானத்தில் ரேடாரைப் பழுதுபார்க்க மூக்கைக் கழற்றும் கோடு ஒன்று உண்டு. அந்தக் கோட்டிலேயே ரம்பத்தை வைத்தாள்.

"ஐயையோ, பேஷண்டுக்கு மயக்க ஊசி போட்டியா?"

"பேசாம இருங்க. கை ஆடும்."

இருபது நிமிடத்தில் மூக்கு கையோடு வந்தது. உள்ளே இடம் போதவில்லை. குண்டுகளைச் சுத்தியலால் தட்டித் தட்டித் தகடாக்கினாள். ஈயம் மூக்கின் நுனிக்கே போய்விட்டதால் பதினாலு கிராமே போதுமானதாக இருந்தது. ஒட்டி, காயவிட்டு, தேய்த்தாள். பிறகு சாம்பல் நிறம். புட்டியில் இருந்த பழைய நிறம் உடம்போடு சேரவில்லை. மூன்று முறை கலந்து மூன்று முறையும் துடைத்தாள். நாலாவது முறை ஒரு துளி மஞ்சள் சேர்த்தாள். மூக்கு உடம்போடு ஒன்றிப்போனது. சாயங்காலம் மேசையில் இறக்கிவிட்டுக் கையை எடுத்தாள். விமானம் நின்றது. வீட்டுக்காரர் பின்னாலிருந்து ஊதிப் பார்த்தார்.

"ஊதாதீங்க!"

"காத்தடிச்சா தாங்குமான்னு பார்த்தேன்மா."

ஞாயிற்றுக்கிழமை அதே நடுவர் வந்தார், நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு. குனிந்தார், சக்கரத்தைப் பார்த்தார், அடிவயிற்றைப் பார்த்தார். நிமிர்ந்து வீட்டுக்காரரிடம், "நல்லா நிக்குதே, மூக்குல எவ்வளவு சார் வச்சீங்க?" என்றார்.

வீட்டுக்காரர் கூரையில் மின்விசிறிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"பதினாலு கிராம்" என்றாள் அவள். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "முதல்ல வைக்க மறந்துட்டேன் சார். டிக் மட்டும் போட்டுட்டு உடம்பை ஒட்டிட்டேன். நேத்து மூக்கை அறுத்துத்தான் வச்சேன்."

நடுவர் பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, டார்ச் அடித்து மூக்கைச் சுற்றிச் சுற்றித் தேடினார்.

"எங்க அறுத்தீங்க?"

காட்டினாள். அவர் மறுபடி பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்லயும் ஒண்ணு மூணு வருஷமா வாலை ஊனிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. அறுக்கத் தைரியம் வரல" என்றார்.

"இது எந்த மாடல், மாஸ்டர்?" என்று பக்கத்து மேசைக்காரர் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"அவங்களைக் கேளுங்க. நான் டப்பா" என்று காலி டப்பாவைத் தூக்கிக்கொண்டு டீ வாங்கப் போனார் அவர்.

நடுவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். "அது என்ன ரம்பம்னு சொல்லுங்கம்மா."

அவள் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.