பூஜைக்கு முன் ஒரு பயாஸ்

காலை ஒன்பது இருபது. முதலில் கண்ணில் பட்டவை, கட்டிங் டேபிளில் வரிசையாகக் கிடந்த கத்தரிகளும் அவற்றின் கடைசியில் திறந்தபடி இருந்த லேப்டாப்பும். கத்தரிகளுக்குச் சந்தனம் வைத்தாகிவிட்டது. லேப்டாப்புக்கு வைக்கவில்லை.

அருள்புரத்தில் நான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட பனியன் கம்பெனி அது. அன்று ஆயுத பூஜை. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை அங்கே யாரும் தொடமாட்டார்கள். லேப்டாப், துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் போடும் அக்காவுடையது. அவர் சொந்தமாக எடுத்த முதல் ஆர்டருக்கு மறுநாள் விஜயதசமியன்று கட்டிங். ஆனால் முந்தைய நாள் லேப்டாப்பின் பயாஸ், அதாவது கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் நிரல், தானாகவே புதுப்பித்துக்கொண்டது. அதன்பின் பேட்டர்ன் மென்பொருளின் பூட்டைத் திறக்கும் டாங்கிள் வேலை செய்யவில்லை. பென் டிரைவ் போன்ற அந்தச் சாவி இல்லாமல் ஒரு பேட்டர்னும் திறக்காது.

“சந்தனம் வெக்கறதுக்குள்ள பழசுக்கே மாத்திருங்க,” என்றார் அக்கா. உட்காரவில்லை, டேபிளைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

அடியிலிருந்த மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தோடு ஒத்துப் பார்த்தேன். பழைய பதிப்புக்குத் திரும்ப அந்த மாடலில் வழி இருந்தது. ஃபைல்களை வேறிடத்தில் நகலெடுத்தேன். பயாஸ் மாறினால் ஃபைல்களைத் திறக்கவிடாத டிஸ்க் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தினேன். பேட்டரி நிறைந்திருந்தது, சார்ஜரும் செருகியிருந்தது. நடுவில் நின்றால் லேப்டாப் மறுபடி எழாமலே போகலாம். தொடங்கினேன்.

திரையில் வேலையின் அளவைக் காட்டும் கோடு பாதி நகர்ந்தபோது முதலாளி தட்டுடன் வந்தார். அவர் வழக்கப்படி, ஓடும் மெஷினுக்குப் பூஜை இல்லை. மெயின் ஸ்விட்சை இறக்கச் சொன்னார். டியூப் லைட்டுகள் அணைந்தன. லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடியது.

“இதென்ன, சாமிக்குக்கூட நிக்காதுங்களா?” என்று மூடக் கை நீட்டினார்.

அக்கா குறுக்கே வந்தார். “ஆபரேஷன் நடக்குதுங்ண்ணா. நடுவுல தொடக் கூடாதுங்க.”

“கத்தரியெல்லாம் பூஜையில கெடக்குது. எதைய வெச்சு ஆபரேஷன் பண்றாரு உங்க டாக்டரு?”

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அப்போது திரை முழுதும் இருண்டது.

“போச்சுங்களா?” என்றார் அக்கா.

“இல்லீங்க. திரும்ப எழும். பட்டனைத் தொடாதீங்க.”

லேப்டாப்பின் விசிறி நின்றது, மறுபடி சுழன்றது. அந்த இடைவெளியில் என் கையே பட்டனை நோக்கிப் போனது. பின்னால் கட்டிக்கொண்டேன். கடைசியில் லோகோ வந்தது, அதன் கீழே பழைய பதிப்பின் எண்ணும். அக்கா டாங்கிளைத் தேடிப் பைக்குள் கை விட்டார்.

“முடிஞ்சுதில்ல? ஆஃப் பண்ணுங்க, நேரம் போகுது,” என்றார் முதலாளி. அணைத்தேன். மூடியில் சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டினார். டாங்கிள் செருகிப் பார்க்கப்படாமல் அக்காவின் கையிலேயே இருந்தது.

பிற்பகலில் பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். அக்கா வாங்கி அப்படியே வைத்துவிட்டார். கிளம்பும்போது டேபிள் பக்கம் இருமுறை போய்த் திரும்பினார், தொடவில்லை.

மறுநாள் நான் போனபோது அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். டாங்கிள் செருகியிருந்தது, பேட்டர்ன் திறந்திருந்தது. மதியத்துக்குள் முதல் அடுக்குத் துணியை வெட்டி முடித்தார்கள்.